வண்டியில் குடித்தனம்: உடம்புக்கு இடம் எங்கே?

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு 61. டாலஸ் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் இருந்தோம். நான் ஓய்வு பெற்றதும் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு பிக்கப் டிரக்கும், அதன் பின்னால் இழுத்துச் செல்லும் வீடுபோன்ற 26 அடி டிராவல் டிரெய்லரும் வாங்கிக்கொண்டு போன அக்டோபரில் கிளம்பினோம். நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லாம் சுற்றியாயிற்று. ஜூனில் கொலராடோ, அப்புறம் யெல்லோஸ்டோன். ஊர் சுற்றுவதில் சந்தோஷமாகத்தான் இருக்கிறோம். ஆனால் இந்த ஏழு மாதத்தில் எனக்கு 14 பவுண்டு எடை ஏறிவிட்டது. ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஏ1சி 6.3 இருந்தது, இப்போது 6.9. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கிறேன். வண்டி ஓட்டிய அன்று சாயங்காலம் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி. டிரெய்லர் படி இறங்கவே பயப்படுகிறார். முன்பெல்லாம் வாரம் நான்கு நாள் ஜிம்முக்குப் போவேன். இங்கே பாய் விரிக்கக்கூட இடமில்லை. மடக்கி வைக்கும் டிரெட்மில் வாங்கலாமா, டம்பெல் செட் வாங்கலாமா? பெரும்பாலும் ஒரு நாளைக்கு 350, 400 மைல் ஓட்டி, இருட்டும் நேரத்துக்குத்தான் கேம்ப்கிரவுண்டு போய்ச் சேருவோம். ஒன்றிரண்டு நாள் தங்கிவிட்டு அடுத்த ஊர். வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

டிரெட்மில் வேண்டாம். டம்பெல் செட்டும் வேண்டாம். டிரெய்லரில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று கதவுப் பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர், துணிமணி, பாத்திரம், மளிகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகிறது. அதற்கு மேல் இரும்பையும் ஏற்றிக்கொண்டு கொலராடோ மலைப்பாதையில் போக வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. அந்த வேலையைச் செய்ய வேறு பொருள் உங்களிடமே இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

கடிதத்தைப் படித்தபோது, இடம் பற்றாத கவலையைவிட அந்த 350, 400 மைல்தான் என்னை உறுத்தியது. டிரெய்லரை இழுத்துக்கொண்டு வேகமாகப் போக முடியாது, போகவும் கூடாது. பெட்ரோல் போடவும் சாப்பிடவும் நிற்பதைச் சேர்த்தால் எட்டு மணி நேரம் போய்விடும். காலையில் கிளம்பி, இருட்டும்போது சேர்ந்து, வண்டியை நிறுத்தி, கரண்ட், தண்ணீர் இணைப்புக் கொடுத்து, ஏதோ ஒன்றைச் சமைத்துச் சாப்பிட்டால் படுக்கிற நேரம் வந்துவிடும். இப்படிப்பட்ட நாளில் உடற்பயிற்சியை எங்கே செருகுவது? நான்கு பெட்ரூம் வீடு கூடவே வந்தாலும் முடியாது. அதனால் என் ஆலோசனை பயணத்தின் வேகத்தில் இருந்துதான் ஆரம்பிக்கிறது. ஓட்டும் தூரத்தைக் குறையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நாள் முழுக்க ஓட்டுவது உடம்பை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1953-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. லண்டன் மாடி பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே மாதிரியான குடும்பப் பின்னணி. ஆனால் மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம் வந்தது, வந்தவர்கள் இறந்துபோவதும் அதிகமாக இருந்தது. டிரைவர்கள் கொஞ்சம் பருமனான ஆட்கள், அதனால்தான் அப்படி என்று சொல்லலாம் அல்லவா? மாரிஸ் அதையும் விடவில்லை. சீருடை பேண்ட் அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்கள் பருமனாகத்தான் இருந்தார்கள். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டாலும் கண்டக்டர்கள் நிலைதான் மேலாக இருந்தது. இத்தனை வருடம் ஐ.டி. வேலையோ வேறு எந்த மேசை வேலையோ பார்த்தவர்கள்கூட நடுவில் எழுந்து காபிக்குப் போவார்கள், மீட்டிங் ரூமுக்கு நடப்பார்கள். ஸ்டியரிங் பிடித்தவருக்கு அந்த வழியும் கிடையாது.

இன்னொரு இழப்பும் நடந்திருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாத இழப்பு. டாலஸ் வீட்டில் மாடிக்கும் கீழுக்குமாக எத்தனை தடவை நடந்திருப்பீர்கள்? துணி துவைக்கும் அறைக்கு, தபால் பெட்டிக்கு, தோட்டத்துக்கு, கராஜுக்கு, கடையில் இருந்து பை தூக்கிக்கொண்டு உள்ளே. இதையெல்லாம் நாம் உடற்பயிற்சியாக எண்ணுவதே இல்லை. ஆனால் ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் இந்தச் சில்லறை நடைக்குக் கணிசமான பங்கு உண்டு. 26 அடி டிரெய்லரில் படுக்கையில் இருந்து அடுப்பு நாலு எட்டு, பாத்ரூம் ஆறு எட்டு. ஜிம் போனது மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. இந்த நடை போனது தெரியவில்லை. உங்கள் 14 பவுண்டில் இதற்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, எவ்வளவு தூரம் ஓட்டலாம்? நிரந்தரமாக டிரெய்லரில் வாழ்கிறவர்கள் ‘3-3-3’ என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஒரு நாளில் 300 மைலுக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடு, ஒரு இடத்தில் குறைந்தது 3 இரவு தங்கு. பாதுகாப்புக்காக வந்த கணக்கு அது, ஆனால் உடம்புக்கும் அப்படியே பொருந்துகிறது. உங்களுக்கு அதையும் கொஞ்சம் இறுக்கச் சொல்வேன்: 200 மைல் போதும், ஒரு வாரமாவது ஒரே இடம். ஓட்டும் நாள் பத்து நாளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இடுப்பு வலியில் பாதி தானாகக் குறையும். நீங்கள் 62-ஐத் தாண்டியவர். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் 80 டாலருக்கு தேசியப் பூங்காக்களுக்கான ஆயுள்கால சீனியர் பாஸ் கிடைக்கும். மத்திய அரசின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றில் இடவாடகையும் பாதி. மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்ற மத்திய அரசுத் துறையின் பொது நிலங்களில் பெரும்பாலும் 14 நாள் வரை ஒரே இடத்தில் இலவசமாகத் தங்கலாம். பெட்ரோல் செலவும் குறைவதால் மெதுவாகப் போவதில் காசும் மிச்சம்தான்.

ஓட்டுகிற நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இடுப்பு அங்கேதான் கெடுகிறது. சீட்டை முழுக்க நேராக நிமிர்த்தாதீர்கள். லேசாகப் பின்னால் சாய்ந்திருக்கட்டும். இடுப்பு மூட்டு முழங்காலைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். சின்னத் துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே வையுங்கள். பின் பாக்கெட்டில் இருக்கும் பர்ஸை எடுத்து முன்னால் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் உயர்ந்த நிலையில் மணிக்கணக்காக உட்காருவது பிட்டத்தில் இருந்து கால் வரை ஓடும் நரம்பை உறுத்தும். அப்புறம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயம் இறங்குங்கள். எப்படியும் டயர் சூடு, டிரெய்லரை டிரக்கோடு பூட்டும் ஹிட்ச், சங்கிலி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு சுற்று வந்து பார்ப்பீர்கள். அதையே மூன்று சுற்றாக ஆக்குங்கள். முடிந்ததும் டிரக்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள். கையை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் வளையுங்கள், ஐந்து முறை. அவ்வளவுதான், ஏழெட்டு நிமிடம். உங்கள் மனைவியும் இதையே செய்ய வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது. இது விமானத்துக்கு மட்டும் உரிய ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். கார், பஸ், ரயில் எதுவானாலும் ஒன்றுதான்.

தண்ணீர் விஷயத்தில் டிரெய்லர்வாசிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கழிவுத் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடுமே, வழியில் நல்ல கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் பயணத்தில் இதை அதிகம் செய்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், தலைவலி, மலையில் போனால் மூச்சுத் திணறல்போல ஒரு சோர்வு, எல்லாம் இதில் இருந்து வரலாம். தொட்டியைக் காலி செய்வது அரை மணி வேலை. அதற்காகத் தாகத்தை அடக்காதீர்கள்.

அடுத்தது நான் மிக முக்கியமாகக் கருதும் இடம்: போய்ச் சேர்ந்ததும் வரும் முதல் அரை மணி நேரம். மணிக்கணக்காக வளைந்து உட்கார்ந்திருக்கும்போது முதுகெலும்புக்குப் பின்புறம் உள்ள தசைநார்கள் மெல்ல நீண்டு தளர்ந்துவிடுகின்றன. எழுந்து நின்ற உடனே அவை பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை, கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் குனிந்து பாரம் தூக்கினால் முதுகைத் தாங்க வேண்டியவை சரியாகத் தாங்காது. டிரெய்லர்காரர்கள் செய்வதோ அதையேதான். எட்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிய கையோடு ஹிட்ச்சைக் கழற்றுவது, கனமான ஸ்பிரிங் பாரை இழுப்பது, நான்கு மூலையிலும் குனிந்து, டிரெய்லர் ஆடாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கைக் கையால் சுற்றுவது, கழிவுநீர்க் குழாயை மாட்டுவது. சாயங்காலம் இடுப்பு பிடிக்கிறது என்று நீங்கள் எழுதியதற்கு ஓட்டியது பாதிக் காரணம் என்றால், ஓட்டி முடித்தவுடன் செய்த இந்த வேலை மீதிப் பாதி.

இதற்கு மருந்து எளிது. டிரக்கோடு டிரெய்லர் பூட்டியபடியே நிற்கட்டும். எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் கேம்ப்கிரவுண்டை ஒரு சுற்று நடந்து வாருங்கள், பத்துப் பதினைந்து நிமிடம். குழாய் எங்கே, குப்பை எங்கே, பக்கத்து இடத்தில் யார் என்று பார்த்துக்கொண்டே நடக்கலாம். மூன்று மணிக்கே வந்து சேர்ந்திருந்தால் இதற்கு வெளிச்சமும் இருக்கும், பொறுமையும் இருக்கும். திரும்பி வந்து சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். ஜாக் சுற்றும்போது இடுப்பில் இருந்து குனியாமல், ஒரு தடித்த ஸ்பாஞ்ச் மெத்தை போட்டு ஒரு முழங்காலில் மண்டியிடுங்கள். பேட்டரியில் ஓடும் டிரில்லுக்கு ஜாக் திருகும் சாக்கெட் தனியாகக் கிடைக்கிறது. டிரெட்மில்லுக்கு ஒதுக்கிய பணத்தில் இருந்து அதை வாங்குங்கள். ‘20 பவுண்டு’ என்று சொல்லும் புரொப்பேன் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது இரும்பையும் சேர்த்து 37 பவுண்டு வரும். ஏழு காலன் தண்ணீர் கேன் 58 பவுண்டு. அந்தக் கேனை முழுக்க நிரப்பாதீர்கள். எதைத் தூக்கினாலும் உடம்போடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி எழுங்கள், தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகாதீர்கள். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

பயிற்சிக்கு வருவோம். அமெரிக்க அரசின் வழிகாட்டுதல் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான வேகத்தில் அசைவு, இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி; 65 வயதானால் கூடவே சமநிலைப் பயிற்சியும். இதற்குத் தேவையான சாதனம் கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலான இடங்களில் ஏற்கெனவே போட்டிருக்கிறது: பிக்னிக் மேசை. அதன் பெஞ்சில் கைகளை மார்பில் குறுக்காக வைத்து உட்கார்ந்து எழுந்திருங்கள், பத்து முறை. மேசை விளிம்பில் கை ஊன்றி, உடம்பைச் சாய்த்து புஷ்-அப் எடுங்கள், முடிந்தவரை. உடற்பயிற்சிக்கான நீளமான ரப்பர் பேண்டை மேசையின் காலில் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு முழங்கையைப் பின்னால் இழுங்கள். ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கூனிய தோளுக்கு இந்த இழுப்பைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பேண்டை டிரெய்லர் கதவில் மாட்டாதீர்கள், அந்தக் கதவு அதற்குத் தாங்காது. டிரெய்லரின் மடக்குப் படியில் ஏறி இறங்கும் பயிற்சியும் வேண்டாம், அது ஆடும்.

டம்பெல்லுக்குப் பதில் தண்ணீர். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு. இரண்டரை காலன் கேன் இரண்டை நிரப்பினால் கைக்கு 21 பவுண்டு ஆகிறது. முதுகை நிமிர்த்தி, தோளைத் தளர்த்தி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நாற்பது எட்டு எடுத்து வைத்து நடந்து கீழே வையுங்கள், மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி. கைப்பிடி, தோள், வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கிற பயிற்சி இது. கனமாக இருந்தால் பாதி நிரப்புங்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போது கொட்டிவிட்டால் எடையும் போயிற்று. திங்கள், வியாழன் என்று கிழமை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று செய்தால் இருபத்தைந்து நிமிடம். மழை பெய்தால் உள்ளேயே சமையல் மேடையில் கை ஊன்றி புஷ்-அப், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுதல், நின்ற இடத்தில் முழங்கால் தூக்கி நடை. பாய் விரிக்கவே வேண்டாம்.

இருவரும் இன்றே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 17 அங்குல உயர நாற்காலி, கைகள் மார்பில், 30 விநாடி. எத்தனை முறை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது? 60 முதல் 64 வயதில் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் கால் வலு சராசரிக்குக் குறைவு என்று அர்த்தம், விழும் வாய்ப்பும் கூடுதல். எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எடை மெஷின் காட்டுவதற்கு முன்பே இந்த எண் முன்னேற்றத்தைக் காட்டும். (நாற்காலியின் முதுகைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். உங்கள் மனைவி செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.)

சர்க்கரைக்கு நடைதான். அதிலும் சாப்பிட்ட பிறகு நடக்கும் நடை. சாப்பிட்டு முடித்த அரை மணிக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. மூன்று வேளையும் நடந்தால் மிக நல்லது. ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேம்ப்கிரவுண்டின் வட்டப் பாதையே போதும், வண்டி மெதுவாகத்தான் வரும். டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப்போன்ற தெற்காசியர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவு சங்கம் ஆசிய வம்சாவளியினரை பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 23-லேயே பரிசோதிக்கச் சொல்கிறது, மற்றவர்களுக்கு 25. கேம்ப்ஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆறடி அமெரிக்கர் உங்களைவிடப் பருமனாக இருக்கிறாரே என்று ஆறுதல் அடைய வேண்டாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால் நடக்கும்போது சர்க்கரை திடீரென்று தாழும் பயம் உங்களுக்கு மிகக் குறைவு. நாளைக்கு வேறு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் இந்த விஷயத்தை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். பொதுக் குளியலறைக்குச் செருப்பில்லாமல் போகாதீர்கள்.

உங்கள் மனைவியின் முழங்காலுக்கு வருகிறேன். வலிக்கிறது என்று அவர் நடப்பதையே நிறுத்தியிருந்தால் அது வலியை வளர்க்கும். தொடையின் முன்தசை வலுக்க வலுக்க மூட்டின் சுமை குறையும். அந்தப் பெஞ்சுப் பயிற்சியை அவர் தலையணை போட்டு உயரமாக்கி, கையை மேசையில் ஊன்றிச் செய்யட்டும். படுக்கையில் ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, நீட்டிய காலை ஒரு அடி உயரம் தூக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும், பத்து முறை. டிரெய்லர் படியில் ஏறும்போது வலியில்லாத கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கை எப்போதும் கைப்பிடியில். படி செங்குத்தாக இருந்தால் ஏணியில் இறங்குவதுபோல டிரெய்லரைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குவது பாதுகாப்பு. கையில் சாமானோடு இறங்கவே கூடாது, நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் தனியார் ஆர்.வி. பார்க்குகள் பலவற்றில் நீச்சல் குளம் உண்டு. மார்பளவுத் தண்ணீரில் நடப்பது இந்த மூட்டுக்கு அருமையான பயிற்சி. நீச்சல் தெரிய வேண்டியதில்லை.

நடப்பதற்குப் பாதை தேர்ந்தெடுக்கும்போது பலர் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். முழங்காலைப் படுத்துவது இறக்கம்தான். இரண்டு நடைக்கோல் வாங்குங்கள், இறங்கும்போது சுமையில் ஒரு பங்கைக் கை தாங்கிக்கொள்ளும். இதுவும் டிரெட்மில் காசில்தான். பழைய ரயில் தடங்களை நடைபாதையாக மாற்றிய பாதைகளைத் தேடுங்கள். ரயில் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அந்தப் பாதைகளில் சரிவு மென்மையாக இருக்கும். மிசௌரியில் 240 மைல் நீளும் கேட்டி டிரெயில் அப்படிப்பட்டது. பிட்ஸ்பர்க்கில் இருந்து மேரிலாந்தின் கம்பர்லண்டு வரை 150 மைல் போகும் கிரேட் அலெகெனி பாசேஜும் அப்படித்தான். இலையுதிர் காலத்தில் கிழக்கே போனால் ஒரு வாரம் பக்கத்திலேயே தங்கி தினம் ஒரு துண்டாக நடக்கலாம்.

ஜூன் மாதப் பயணத்துக்கு இரண்டு எச்சரிக்கை. டாலஸ் கடல் மட்டத்தில் இருந்து சில நூறு அடி உயரம்தான். டென்வர் 5,280 அடி. ராக்கி மலைப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுகள் 8,000 அடிக்கு மேலே இருக்கின்றன, டிரெயில் ரிட்ஜ் சாலை 12,183 அடி வரை ஏறுகிறது. பெரும்பாலும் 8,000 அடிக்கு மேலே படுத்துத் தூங்கும்போதுதான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். டென்வர் உயரத்தில் இரண்டு மூன்று இரவு தங்கி அப்புறம் மேலே போங்கள். போன முதல் இரண்டு நாள் பயிற்சி எதுவும் வேண்டாம், மெதுவான நடை மட்டும். ராக்கி மலைப் பூங்காவில் ஸ்பிரேக் லேக் என்ற ஏரியைச் சுற்றிச் சமதளமான பாதை ஒன்று இருக்கிறது, ஒரு மைலுக்கும் குறைவு, சக்கர நாற்காலியே போகும். உங்கள் மனைவிக்கு அதில் தொடங்கலாம். யெல்லோஸ்டோனில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் பக்கத்து மரப்பாலப் பாதைகளும் அப்படித்தான். ஆனால் அங்கே சாப்பிட்டபின் நடக்கும் இரவு நடை கேம்ப்கிரவுண்டு வட்டத்தைத் தாண்டக் கூடாது. கரடி, ஓநாயிடம் இருந்து 100 கெஜம், காட்டெருமை போன்ற மற்றவற்றிடம் இருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. காட்டெருமை சாதுவாகத் தெரியும், ஆனால் மனிதரைவிட வேகமாக ஓடும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. இருட்டி வந்து சேருகிற நாளில் சோறும் ஊறுகாயும், இல்லாவிட்டால் நூடுல்ஸ் என்றுதான் ஆகும். மூன்று மணிக்கு வந்தால் காய் நறுக்க நேரம் இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தின இரவு கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஊற வைத்து, காலையில் சுண்டல் செய்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிரக்கின் முன்சீட்டில் கைக்கெட்டும் இடத்தில் அதுதான் இருக்க வேண்டும். முறுக்கு, மிக்சர் டப்பா பின்னால் டிரெய்லரில் இருக்கட்டும். ஓட்டும்போது வருவது பெரும்பாலும் பசி அல்ல, சலிப்பு. கைக்கு எட்டாவிட்டால் பாதி குறையும்.

ஜிம் பழக்கம் விட்டுப்போனது மனசுக்கு வருத்தமாக இருக்கிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது. நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஜிம் ஒன்றில், எந்தக் கிளையிலும் நுழையலாம் என்ற வகை உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப்பக்கம் தங்கும் வாரங்களில் போகலாம், நல்ல வெந்நீர்க் குளியலும் கிடைக்கும். அடுத்த வருடம் உங்களுக்கு 65 ஆகிறது. அந்த வயதில் கிடைக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை, தனியார் நிறுவனங்கள் வழியாகத் தரும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டங்கள் சிலவற்றில் சில்வர் ஸ்னீக்கர்ஸ் என்ற ஜிம் சலுகை உண்டு. ஆனால் அதற்காக மட்டும் அந்தத் திட்டத்தில் சேராதீர்கள். அவற்றில் பல, அவசரம் அல்லாத சிகிச்சைக்கு உங்கள் வட்டாரத்து டாக்டர்களோடு நின்றுவிடும். ஊர் ஊராகப் போகிறவருக்கு நாடு முழுக்க மெடிகேர் ஏற்கும் எந்த டாக்டரிடமும் காட்டக்கூடிய ஒரிஜினல் மெடிகேர் பொருத்தமாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

மலை ஏறுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் வீடியோ வழியாகவாவது ஒரு முறை பேசிவிடுங்கள். ஏ1சி ஏறியிருப்பது அவருக்குத் தெரிய வேண்டும், இதயப் பரிசோதனை தேவையா என்றும் அவரே சொல்வார். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல் வந்தால் 911. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், தேய்க்காமல், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பு வலி காலுக்கு இறங்கி, பாதம் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அதற்கும் காத்திருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மூன்று காரியம் மட்டும்: ஓட்டும் தூரத்தைப் பாதியாக்குவது, வந்து இறங்கியதும் அந்தப் பத்து நிமிட நடை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நடை. மூன்றாவது வாரம் பிக்னிக் மேசைக்கு வாருங்கள். தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளில் பல, மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடும் என்பதால், உங்கள் ஜூன் பதிவுகளை நீட்டிக்க முடியாமல் போகலாம். அப்படியானால் நடுவில் இரண்டு ஊர்களைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, அந்த நாட்களைப் பக்கத்துத் தேசிய வனங்களில் தங்கிக் கழித்துவிடுங்கள். ஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. அதனால் செப்டம்பரில் எடுங்கள், அதற்கு முன் எடுத்துக் குழம்ப வேண்டாம். அந்த எண்ணோடு, நாற்காலிச் சோதனையில் இருவருக்கும் வந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். மனைவியின் முழங்காலுக்கு அடுத்து என்ன கூட்டலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.